முதல் வரிக்கு விட்ட இடம்

பினாங்கு,
12 அக்டோபர் 1933

அன்புள்ள தங்கை சுவர்ணத்துக்கு, அண்ணன் அருமைநாயகம் கர்த்தருக்குள் வாழ்த்தி எழுதுவது.

நேற்றுப் பிற்பகல் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் என்னிடம் நேரில் சொன்னதை முதலில் எழுதுகிறேன். உன் மகன் தங்கராஜுவின் சளியில் க்ஷயக் கிருமி இருக்கிறது. இடது நுரையீரலின் மேல்பாகம் மட்டும். வலது பக்கம் சுத்தம். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டதாகவும், ஓய்வும் நல்ல காற்றும் ஆகாரமும் கிடைத்தால் தேறுவான் என்றும் சொன்னார். ‘தேறுவான்’ என்பது டாக்டருடைய சொல். நான் கூட்டி எழுதவில்லை.

மற்றது நானும் உன் மதினியும் பார்த்தது. ஆகஸ்டில் புக்கிட் மெர்தாஜாமில் கல்யாண நிச்சயம் நடந்த அன்றே இருமிக்கொண்டிருந்தான். கப்பலில் பட்ட குளிர் என்றான். போன வாரம் நம் வீட்டில் சாப்பிட்டு எழுந்தவன், வாயைத் துடைத்த கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். மதினி பார்த்துவிட்டாள். மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். இப்போது வார்டில் இருக்கிறான். பிறையில் அவன் வேலை பார்க்கும் ரயில்வே ஆபீசில் லீவு கொடுத்திருக்கிறார்கள்.

இது உனக்கு மட்டும். இங்கே சபையில் பாதிப் பேருக்குப் பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். நீ அங்கே கிணற்றடியில் சொன்னால், இங்கே கப்பல் ஜெட்டியில் என்னிடம் வந்து துக்கம் விசாரிப்பார்கள்.

உன் முழங்கால் வலி எப்படி? போர்டிங் பிள்ளைகள் சுகமா? எழுது.

அண்ணன்,
அருமைநாயகம்

*

பாளையங்கோட்டை,
3 நவம்பர் 1933

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை சுவர்ணத்தின் ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. எப்போதும் “இவ்விடம் யாவரும் சுகம்” என்றுதான் ஆரம்பிப்பீர்கள். இந்தத் தடவை அந்த வரி இல்லை. அதைப் பார்த்ததுமே நாற்காலியைத் தேடினேன்; மிச்சத்தை உட்கார்ந்துதான் படித்தேன்.

இத்தனை வருஷம் பத்திரிகைக்குக் கப்பல் சேதியும் கோர்ட்டுச் சேதியும் எழுதுகிற நீங்கள், இரண்டு தரம் விசாரிக்காமல் ஒன்றையும் எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நோய் உண்டு என்றதை நம்புகிறேன், தேறுவான் என்றதையும் நம்புகிறேன். அவனுடைய அப்பா போனது நெஞ்சு நோயில்தான் என்பதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நான் நினைக்காமலிருக்கப் பார்க்கிறேன்.

போர்டிங்கில் சொல்லிவிட்டு வரட்டுமா? ஒரு வரி எழுதினால் புறப்படுகிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். சம்பந்தி நல்லமுத்து அண்ணாச்சிக்குச் சொல்லியாயிற்றா? கிருபாவதி அவருக்கு ஒரே மகள்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மதினிக்கு என் அன்பு.

தங்கை,
சுவர்ணம்

*

பினாங்கு,
24 நவம்பர் 1933

அன்புத் தங்கைக்கு, ஆண்டவர் உன்னைத் தாங்குவாராக.

காய்ச்சல் நின்று ஒரு வாரமாகிறது. இது வார்டு நர்ஸ் எழுதி வைத்திருந்ததை நானே பார்த்தது. செவ்வாய்க்கிழமை அவனை ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். வேலைக்குப் போகக் கூடாது, கடற்காற்று படுகிற இடத்தில் படுத்திருக்க வேண்டும், தட்டும் டம்ளரும் தனியாக இருக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

பிறையில் அவனோடு அறை எடுத்திருந்த குமாஸ்தாக்கள், அவன் படுக்கையை ஏற்கெனவே கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். மரியாதையாகத்தான் கட்டியிருந்தார்கள். அவர்களிடம் நான் நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மீரா சாகிப்பைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். காலையில் ஜெட்டிக்குப் போகுமுன் அங்கேதான் காப்பி குடிப்பேன். அவருக்கு ஜுருவில் கடலோரமாகத் தென்னந்தோப்பும் ஒரு பலகை வீடும் உண்டு. அவரிடம் மறைக்காமல் சொல்லி வாடகை கேட்டேன். “வீடு பூட்டித்தான் கெடக்கு அண்ணே. உள்ளே காத்து மட்டும் குடியிருக்கு, அது வாடகை குடுக்குதா? பையன் இருந்துட்டுப் போகட்டும்லா,” என்றார். இப்போது அங்கேதான் இருக்கிறான். தோப்பில் வேலை செய்கிறவர் வீட்டில் சமைத்துக் கொடுக்கிறார்கள்.

நீ வர வேண்டாம். வந்தால் ஏன் வந்தாய் என்று எல்லாரும் கேட்பார்கள்.

நல்லமுத்து அண்ணாச்சி தான் வேலை பார்க்கும் புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு புட்டி கொயினா அனுப்பி வைத்தார். நல்ல மனிதர்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் போடு. மதினி உன்னை விசாரிக்கிறாள்.

அண்ணன்,
அருமைநாயகம்

*

பாளையங்கோட்டை,
18 டிசம்பர் 1933

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, கிறிஸ்து பிறப்பின் வாழ்த்துதல்கள்.

மீரா சாகிப் அவர்களுக்கு நான் என்ன சொல்வேன். எங்கள் வீட்டு நன்றியைத் தயவுசெய்து சொல்லவும்.

க்ஷயத்துக்குக் கொயினா எதற்கு அண்ணா? அது மலேரியாவுக்கு அல்லவா?

இந்த ஒரு கேள்விதான். போன கடிதத்தில் கேட்டதற்கும் இதுதான் பதிலோ என்று நினைக்கிறேன். தப்பாக நினைத்திருந்தால் திருத்தவும்.

தங்கராஜுவுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன். கடற்காற்றில் போட்டுக்கொள்ளச் சொல்லவும். போர்டிங்கில் எல்லாரும் சுகம்.

தங்கை,
சுவர்ணம்

*

பினாங்கு,
2 பிப்ரவரி 1934

அன்புத் தங்கைக்கு, இந்தத் தடவை சந்தோஷத்தோடு எழுதுகிறேன்.

திங்கட்கிழமை எடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. முடிவை நேற்று டாக்டரே படித்துக் காட்டினார். உடம்பில் சதை பிடித்திருக்கிறது. இருமல் விடியற்காலை மட்டும். டாக்டர் சந்தோஷப்பட்டார், ஆனால் அவசரப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாக மூன்று பரிசோதனை இப்படியே சுத்தமாக வந்தால்தான் வேலை, கல்யாணம் எல்லாம் என்கிறார். ஒன்று வந்துவிட்டது. மார்ச் கடைசியில் ஒன்று, மே கடைசியில் ஒன்று.

கம்பளிச் சட்டை வந்தது. இந்த ஊர் வெயிலில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறான். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றான், சொல்லிவிட்டேன்.

முந்தி எழுதியதை மறவாதே. இது இன்னமும் உனக்கு மட்டும்தான்.

அண்ணன்,
அருமைநாயகம்

*

பாளையங்கோட்டை,
26 பிப்ரவரி 1934

என் அன்பான அண்ணன் அவர்களுக்கு, கோடி ஸ்தோத்திரம்.

தேவன் மனமிரங்கினார். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருக்கிறேன். மாதக் கடைசி ஞாயிறுதான் இங்கே ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள் என்பதால் நேற்று வரை காத்திருந்தேன். காணிக்கைக் கவரின் மேல் எழுதிக் கொடுத்தேன். எங்கள் சபைக் குருவான ஐயர் பிரசங்க பீடத்திலிருந்து, “பினாங்கில் இருக்கும் தன் மகன் தங்கராஜுவை க்ஷயரோகத்திலிருந்து ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கினதற்காக ஆசிரியை சுவர்ணம்” என்று வாசித்தார். கோயில் முழுக்க ஆமென் சொன்னது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் தலை நிமிர்ந்து பாடினேன்.

நீங்கள் யாரிடமும் சொல்லாதே என்றது நினைவிருக்கிறது. ஆனால் இது ஊர்ப்பேச்சு அல்லவே, ஆண்டவருக்குச் சொன்ன நன்றி. சுகமான பிறகு மறைத்தால் அவருடைய இரக்கத்தையே மறைத்தது போல ஆகாதா?

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காக இங்கே வந்திருந்த உங்கள் சபை எபனேசர் குடும்பத்தார் முன் வரிசையில் இருந்தார்கள். ஆராதனை முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அடுத்த கப்பலில் திரும்புகிறார்களாம்.

தங்கை,
சுவர்ணம்

*

பினாங்கு,
19 மார்ச் 1934

தங்கை சுவர்ணத்துக்கு, அண்ணன் எழுதுவது.

உன் கடிதமும் எபனேசரும் ஒரே கப்பலில் வந்தார்கள். அந்தக் கப்பலின் சேதி எடுக்க ஜெட்டிக்குப் போயிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கும்போதே எபனேசர் கையை உயர்த்தி, “அண்ணாச்சி, தங்கராஜுக்கு க்ஷயம் சொகமாயிட்டாமே, கர்த்தர் பெரியவர்,” என்றார். சத்தமாகச் சொன்னார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நம் சபையார் நாலைந்து பேர் சொந்தக்காரரை அழைக்க வந்து நின்றார்கள். உன் கடிதம் மறுநாள்தான் தபாலில் வந்தது.

உன் மேல் கோபமில்லை என்று எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

நேற்றுத் திருவிருந்து ஆராதனை. நான் தடுத்தும் தங்கராஜு ஜுருவிலிருந்து பஸ் பிடித்து, படகேறி வந்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எல்லாரும் அவனை விசாரித்தார்கள். ஆட்டுப்பால் குடி என்றார் ஒருவர். நாங்கள் தினமும் ஜெபிக்கிறோம் என்றார்கள் பலர், அது பொய்யல்ல. ஆனால் கடைசி பெஞ்சில் அவனும் நானும் மட்டும்தான் இருந்தோம். திருவிருந்துக்கு எழுந்தவர்களில் சிலர், அவன் எழுகிறானா என்று திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் ஒரே கிண்ணம் அல்லவா.

அவன் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் திருவிருந்துக்குப் போனார்கள். எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் ஐயர் அப்பத்தட்டோடும் கிண்ணத்தோடும் எங்கள் பெஞ்சுக்கு இறங்கி வந்தார். கிண்ணத்தில் மிஞ்சுவதைக் கீழே ஊற்றக் கூடாது, ஐயரே குடித்து முடிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் வந்தார். அப்பம் கொடுத்தார். கிண்ணத்தை நீட்டினார். தங்கராஜு அதன் வாயைக் கையால் மூடினான். “அப்பம் போதும் ஐயா. மிச்சத்த நீங்கதானே குடிக்கணும். உங்க வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்கு,” என்றான். பக்கத்திலிருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது. ஐயர் அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

கர்த்தர் அந்தச் செவிடனைச் சுகமாக்குமுன் கூட்டத்தை விட்டுத் தனியே கூட்டிக்கொண்டு போனார் என்று வேதத்தில் பல தடவை படித்திருக்கிறேன். ஏன் என்று யோசித்ததில்லை. அவன் காதில் விழும் முதல் சத்தம் ஜனங்களின் கூச்சலாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ. இரக்கத்துக்கு ஒரு தனி இடம் வேண்டியிருக்கிறது சுவர்ணம். பிரசங்க பீடம் அந்த இடமல்ல.

நல்லமுத்து அண்ணாச்சிக்கும் சேதி எட்டிவிட்டது. ஈஸ்டர் பெரிய நாள் கழித்து நேரில் பேசுவதாக ரயில் கார்டிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். வேறொரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அருமைநாயகம்

*

பாளையங்கோட்டை,
6 ஏப்ரல் 1934

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கையின் ஸ்தோத்திரம்.

கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு கோயிலுக்குப் போகப் பிடிக்கவில்லை. பெரிய நாள் என்பதால் போனேன்.

என் தப்பு என் தப்புத்தான். என் மகனுக்கு வந்த நோயை ஒரு கோயில் முழுக்கச் சொன்னேன், அவனிடம் கேட்கவில்லை. அவன் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்று நினையாமல், என் மனது நிறைந்ததை மட்டும் பார்த்தேன். அவனுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் ஒன்று எழுதினீர்கள், நான் ஒன்று எழுதுகிறேன். கர்த்தர் குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்கி, ஒருவருக்கும் சொல்லாதே என்றார். அதே மூச்சில், போய் ஆசாரியனிடம் உன்னைக் காண்பி என்றும் சொன்னார். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஓர் ஆள் இருந்தார், அவருக்கு மறைக்கக் கூடாது. நல்லமுத்து அண்ணாச்சியிடம் மலேரியா என்று சொன்னது யார்? இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் பதில் இல்லை. அந்த மனிதர் கொயினா அனுப்பியிருக்கிறார். அவர் மகளுக்கு நாம் என்ன செய்யவிருந்தோம்?

நீங்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டீர்கள். நான் இரண்டாம் பாதியை ஆள் மாற்றிச் செய்தேன். நடுவில் என் பிள்ளை நிற்கிறான்.

அவர் என்ன சொன்னாலும் எனக்கு எழுதவும். கல்யாணம் நின்றாலும் எழுதவும். இந்தத் தடவை எதையும் விட்டுவிட வேண்டாம்.

தங்கை,
சுவர்ணம்

*

பினாங்கு,
23 ஏப்ரல் 1934

அன்புத் தங்கைக்கு, ஆண்டவர் சமாதானம் தருவாராக.

மூன்று சேதி. மார்ச் கடைசியில் எடுத்த இரண்டாம் பரிசோதனையும் சுத்தம், டாக்டர் சொன்னது. கல்யாணம் நிற்கவில்லை; நல்லமுத்து அண்ணாச்சி சொன்னது. மலேரியா என்று சொன்னது நான். இதை நானே சொல்கிறேன்.

சனிக்கிழமை ஜுருவுக்கு வந்தார். தனியாக வரவில்லை, கிருபாவதியும் வந்திருந்தாள். மீரா சாகிப்பின் பலகை வீட்டில் நாங்கள் நாலு பேர். அண்ணாச்சி ஸ்டேஷன் உடுப்பைக்கூட மாற்றவில்லை. தங்கராஜுவை அவர் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

“மலேரியான்னு சொன்னீங்க. நான் கொயினா அனுப்பினேன். அத என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?”

நான் வாய் திறக்குமுன் தங்கராஜு பதில் சொன்னான். தோப்பில் வேலை செய்கிறவருக்கு மலேரியா வந்தது, அவருக்குக் கொடுத்தேன் என்றான்.

“பொழச்சானா?”

“பொழச்சிட்டாரு மாமா. வெளியதான் தேங்காய் உரிச்சிட்டிருக்காரு.”

“சரி. அதாவது ஒருத்தன்கிட்ட உண்மையாப் போய்ச் சேந்துச்சே,” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். நோய் வந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றும், நோயை ஜெட்டியில் நிற்கிறவர் வாயிலிருந்து கேட்க வைத்ததற்குத்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். மகளைக் கொடுக்கிற தான்தான் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் என்றார்.

அப்போது கிருபாவதி, “நீங்கதான்பா கடைசி. எனக்கு ஜனவரியிலயே தெரியும்,” என்றாள்.

நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்தோம். ஜனவரியில் ஒரு நாள், அண்ணாச்சி ஸ்டேஷனில் இருந்த நேரத்தில் தங்கராஜு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி, அவள் தாயார் முன்னிலையில் அவளிடம் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறான். முதல் பரிசோதனைகூட அப்போது ஆகவில்லை. உனக்கு இஷ்டமில்லையென்றால் நானே வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன், உன் பெயருக்குக் குறைவு வராது என்றிருக்கிறான். அவள் டாக்டர் எவ்வளவு நாள் சொன்னார் என்று மட்டும் கேட்டாளாம்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார் அண்ணாச்சி.

“நீங்க நிறுத்திருவீங்க. மூணு டெஸ்டும் முடிஞ்சு சொல்லலாம்னு அம்மா சொன்னாங்க. இவங்க சொல்ல வேண்டிய ஆளுக்குச் சொல்லிட்டாங்கல்ல. கட்டிக்கிடப் போறது நான்தானே.”

அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “இந்த லைன்ல எந்தத் தந்தி வந்தாலும் முதல்ல என் கைக்குத்தான் வரும். என் வீட்டுச் சேதி மட்டும் என்னத் தாண்டிப் போயிருக்கு,” என்றார். கிருபாவதி சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் மறைத்தது, நீ சொன்னது என்று நாம் இரண்டு பேரும் கடிதம் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தோம். நீ எழுதிய இரண்டு பாதியையும் அவன் ஜனவரியிலேயே செய்து முடித்துவிட்டான். நம் இருவரிடமும் அதைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மூன்றாம் பரிசோதனை சுத்தமென்றால், அடுத்த ஞாயிறே கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசிக்கலாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் காத்திருப்போம் என்றும் அவரே சொன்னார். புறப்படும்போது தங்கராஜுவை ரோடு வரை கூட வரச் சொன்னார். ஓட்டமும் நடையுமாகப் போகிற மனிதர் அவர். அன்று தோப்பு நெடுக அவன் நடைக்கு நடந்தார். அவன் நின்ற இடத்திலெல்லாம் நின்றார். நானும் கிருபாவதியும் வாசலில் இருந்து பார்த்தோம்.

முழங்காலைப் பற்றி எழுத மறந்துவிட்டாய்.

அண்ணன்,
அருமைநாயகம்

*

பாளையங்கோட்டை,
9 மே 1934

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, சந்தோஷமான ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். கொயினா இடத்தில் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறேன், ரோடு வரை நடந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழுகிறேன்.

இரண்டாம் பரிசோதனை சுத்தம் என்று தங்கராஜு முந்தியே எழுதிவிட்டதால், அதற்காக ஏப்ரல் கடைசி ஞாயிறு காணிக்கை போட்டேன். பயப்பட வேண்டாம். பெயரும் எழுதவில்லை, காரணமும் எழுதவில்லை. ஐயர், “ஒரு தாய், ஒரு நன்மைக்காக” என்று வாசித்தார். கோயிலில் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். நான் பாட்டுப் புஸ்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

என் கடிதத்துக்கும் தங்கராஜு பதில் எழுதியிருந்தான். என் மேல் வருத்தமில்லையாம். அந்தத் திருவிருந்து ஞாயிற்றுக்குப் பிறகு இந்த நோயை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிற வேறொருவர் ஜுருவுக்கு வந்து, எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று தனியாக விசாரித்துப் போனாராம். யார் என்று எனக்கும் எழுதவில்லை. எழுதமாட்டான்.

முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் கல்யாணத்துக்குக் கப்பல் ஏணி ஏறுமளவுக்கு இருக்கிறது.

தங்கை,
சுவர்ணம்

*

பினாங்கு,
28 மே 1934

அன்புத் தங்கைக்கு, அண்ணனின் வாழ்த்துதல்.

இன்று காலை தங்கராஜு மூன்றாம் பரிசோதனைக்குச் சளி கொடுத்தான். நான் கூடவே நின்றேன். முடிவு வியாழக்கிழமை பிற்பகல் கிடைக்கும் என்று டாக்டர் சொன்னார். மார்பில் குழல் வைத்துப் பார்த்து, சத்தம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிறது என்பது முடிவல்ல என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

நேற்று ஆராதனையில் எபனேசரும் அவர் மனைவியும் கடைசி பெஞ்சுக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் தங்கராஜு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்று ஆட்டுப்பால் குடி என்றவர் இந்தத் தடவை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; நகர்ந்து அவர்களுக்கு இடம் கொடுத்தார். பாட்டுப் புஸ்தகம் ஒன்றுதான் இருந்தது, நாலு பேரும் அதில் பார்த்துப் பாடினார்கள்.

நல்லமுத்து அண்ணாச்சி வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து தந்தி மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டாராம். முதல் சேதி தனக்குத்தான் வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார். கிருபாவதி அதற்கும் சிரிக்கிறாளாம்.

தபால் கப்பல் வெள்ளிக்கிழமைதான் புறப்படுகிறது. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் வைத்திருக்கிறேன். மேலே, வாழ்த்துக்குக் கீழே, ஒரு வரிக்கு இடம் விட்டிருப்பதைப் பார்ப்பாய். எப்போதும் முதலில் எழுதி, அக்டோபரிலிருந்து எழுதாமலிருக்கிற வரி அது. வியாழக்கிழமை பிற்பகல், டாக்டர் வாயால் கேட்ட பிறகு எழுதுவேன்.

அண்ணன்,
அருமைநாயகம்